வாழைக்கொல்லையில் மின் டிராக்டர்: மூன்று கோடை ஓட்டிப் பார்த்தபின்

மேட்டூர் அணையை மூடும் நாள் வழக்கமாக ஜனவரி 28. ஆற்றில் தண்ணீர் நின்றதும் எங்கள் பக்கம் வயல்வேலை தணியும், வாழைக்கொல்லை வேலை சூடுபிடிக்கும். திருவையாற்றுக்குப் பக்கத்தில், காவிரிப் படுகையில் எனக்கு ஒன்பது மா வாழை இருக்கிறது. ஏக்கர் கணக்கில் மூன்று. முக்கால்வாசி பூவன், ஆற்றோரமாகக் கொஞ்சம் ரஸ்தாளி. மாசி, பங்குனியில் கன்று வைத்தால் ஆனி பிறப்பதற்குள் இரண்டு மூன்று தடவை இடையுழவு ஓட்டி, களையை ஒழித்து, மண் அணைத்து முடிக்க வேண்டும். முக்கியமாக இந்த வேலைக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் 15 குதிரைத்திறன் மின் டிராக்டர் ஒன்று வாங்கினேன். இன்றைக்கு மீட்டரில் 900 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

முதலில் இலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது நான் கணக்கில் எடுக்காத லாபம் அதுதான். பூவன் எங்களுக்குத் தார் மட்டும் தருகிற மரம் இல்லை, இலையும் காசுதான். கல்யாண மாதங்களில் நுனி இலைக்கு நல்ல கிராக்கி. ஓரம் கிழிந்த இலையை வியாபாரி கட்டிலிருந்து உருவித் தனியாகப் போட்டுவிடுவார். பழைய டீசல் மினி டிராக்டருக்குப் புகைக்குழாய் முன்னால் நிமிர்ந்து நிற்கும். அது கீழ் இலைகளை மோதிக் கிழிக்கும், அனலில் ஓரத்தைக் கருக்கும். ஒரு வரிசை ஓட்டி வந்து திரும்பிப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். இப்போது குழாயும் இல்லை, அனலும் இல்லை. முன்பக்கம் தாழ்வாக இருப்பதால் இலைக்கு அடியில் நுழைந்து போகிறது.

அடுத்தது நிதானம். வாழை வேரில் பெரும்பகுதி மேலாக ஓர் அடி மண்ணுக்குள்ளேயே படர்ந்திருக்கும். வண்டிக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கொத்திப் புரட்டும் ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கினாலோ, கட்டையை ஒட்டி ஓட்டினாலோ வேர் அறுந்துபோகும். டீசல் வண்டியில் கன்றுக்குப் பக்கத்தில் அரை கிளட்ச்சில் ஊர்ந்து ஊர்ந்து எனக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கிறது. பெடலை லேசாக அழுத்தினால் நடக்கிற ஆள் வேகத்துக்கும் கீழே நகரும், திணறி அணைவதில்லை. முதல் வருடம் என் கொல்லையில் ஒரு கன்றுகூட அடிபடவில்லை.

அப்புறம் சத்தம். ரோட்டவேட்டர் சத்தம் இருக்கத்தான் செய்யும், ஆனால் எஞ்சின் இரைச்சல் இல்லாததால் கொத்தில் கல் மாட்டினால் உடனே காதில் விழுகிறது. பின்னால் வருகிற அக்கா, “தம்பி நிறுத்து, கன்னு சாயுது” என்று சொன்னால் கேட்கிறது. இரைப்பு உள்ள என் அப்பா, இப்போது வேலை நடக்கும்போதே கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். புகைக்குப் பயந்து ஐந்தாறு வருடம் அவர் உழவு நாளில் இந்தப் பக்கமே வந்ததில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு பாதையில் போகும்போது வண்டி வருவதே யாருக்கும் தெரியாது. ஒருநாள் இலைக்கட்டைத் தலையில் வைத்துப் போன பெண் கடைசி நொடியில்தான் விலகினார். அன்றைக்குச் சாயங்காலமே மாட்டுச் சலங்கை ஒன்றை முன் கம்பியில் கட்டினேன், இன்னும் அவிழ்க்கவில்லை.

இனி கஷ்டங்கள். சார்ஜ் போடுவதில்தான் நான் அதிகம் பட்டேன். பம்புசெட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் தண்ணீர் இறைக்க மட்டும்தான், அதில் வண்டிக்குப் போடக் கூடாது. வீட்டு இணைப்பில் போட்டேன். பேட்டரி சுமார் 25 யூனிட் கொள்ளளவு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 28 யூனிட் ஏறுகிறது, முழுதாக நிரம்ப ஒன்பது மணி நேரம். முதல் மாதமே மாட்டுக் கொட்டகையில் இருந்த 16 ஆம்பியர் பிளக் உருகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குக் கருகின வாசனை வந்து எழுந்து போய்ப் பார்த்தால் பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி இளகியிருந்தது. ஒயர் மெல்லிசு, எர்த்தும் சரியில்லை. மறுநாளே மெயின் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுத்து, தனி பிரேக்கர் வைத்து, எர்த்துக்குப் புதிதாகக் குழி எடுத்தேன். வண்டி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இந்த வேலையை முடித்துவிட்டு வண்டியை இறக்குங்கள்.

கோடை ராத்திரியில் வோல்டேஜ் இறங்கினால் சார்ஜர் தானாக நின்றுவிடும். காலையில் பாதிதான் ஏறியிருக்கும். முறைப்பாசனத்தில் நம் முறைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்து மடை திறப்போமே, அந்தப் பழக்கம் இதற்கும் தேவை. நாளைக்கு எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுகிறேன். இடையுழவுக்கு ஆரம்பத்தில் ஐந்து மணி நேரம் ஓடியது, குறுக்கும் நெடுக்குமாக ஆறு மா முடியும். இப்போது நாலரை மணி நேரம். சித்திரை வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடுவதில்லை, நிழலில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டுப் பிறகுதான் போடுகிறேன்.

சேற்று உழவுக்கு இது ஆகாது என்று அடித்துச் சொல்வேன். முதல் குறுவையில் ஆசைப்பட்டு, சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலை மாட்டி வயலில் இறக்கினேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பேட்டரி அடியில் போய்விட்டது. களிமண் சேற்றுக்கு வாடகைக்குப் பெரிய டீசல் வண்டியைத்தான் கூப்பிடுகிறேன்.

பழுது என்று பார்த்தால் மூன்று வருடத்தில் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய இழப்பு. எலி ஒரு சென்சார் ஒயரைக் கடித்துவிட்டது. டீசல் வண்டி என்றால் தெருவுக்கு ஒரு மெக்கானிக் உண்டு. இதற்குக் கம்பெனி ஆள் வர 11 நாள் ஆனது. அந்த 11 நாளில் கோரை முழங்கால் உயரம் வந்துவிட்டது, கைக்களைக்கு ஆள் விட்டேன். ஊருக்கு ஒரு பையனுக்காவது இந்த வேலையைக் கம்பெனிகள் பழக்கித் தர வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

செலவு: பழைய வண்டி மணிக்கு இரண்டு லிட்டர் டீசல் குடித்தது, லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். ஐந்து மணி நேர வேலைக்கு 900 ரூபாய் ஆகும். இப்போது 28 யூனிட்டுக்கு, யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 280 ரூபாய். எஞ்சின் ஆயில், பில்டர் செலவும் இல்லை. வாங்கும் விலை மட்டும் டீசல் மினி டிராக்டரைவிடக் கணிசமாக அதிகம், வருடத்துக்கு 300 மணி நேரம் ஓட்டுகிற வேலை இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம். வாங்குவதற்கு முன்னால், மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையத்தின் அறிக்கை அந்த வண்டிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் திராட்சைத் தோட்டங்களில் மின் டிராக்டர் ஓடுவதற்கும் நம் வாழைக்கொல்லைக்கும் ஒற்றுமை இருக்கிறது. குறுகலான வரிசை, மெதுவான வேலை, இலைக்கும் கொடிக்கும் அடி படாத ஓட்டம். ஜெர்மனியின் ஃபெண்ட் கம்பெனி திராட்சை வரிசைக்கென்றே அகலம் குறைத்த மின் டிராக்டர் செய்கிறது, அதன் பேட்டரி 100 யூனிட், என்னுடையதைப் போல நாலு மடங்கு. நம் ஊர் கொல்லைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

இந்தப் பங்குனியில் புதிதாகக் கன்று வைக்கும்போது ஆறடி இடைவெளியை ஏழடியாக்கிவிட்டேன். வண்டி திரும்ப வரிசைக் கோடியில் பன்னிரண்டடி விட்டேன். அந்தக் கோடியில் மட்டும் நாற்பது கன்று குறைந்தது. அந்தப் பன்னிரண்டடியில் அப்பா இப்போது கொத்தவரை போட்டிருக்கிறார், திரும்பும்போது பார்த்துத் திருப்பு என்று சொல்லியிருக்கிறார்.