சிலிண்டர் தொட்டியா, மண் தொட்டியா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் மீனோடு செடியும் வளர்க்கும் இரண்டு தொட்டிகள் ஒன்றரை வருஷம் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் ஒரே அளவு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர். ஒன்றில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், கேனிஸ்டர் ஃபில்டர், பாக்கெட்டில் வந்த அக்வா சாயில், பெரிய லைட். இன்னொன்றில் அடியில் ஓரங்குலம் செம்மண், அதன்மேல் ஓரங்குலம் கிராவல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சாதாரண எல்.இ.டி. லைட். 2025 சித்திரையில் சிலிண்டர் தொட்டியை விற்றுவிட்டேன். இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

முதல் வகையைக் கடைக்காரர்கள் ஹை டெக் என்பார்கள். ஜப்பான்காரர் தகாஷி அமானோ உலகம் முழுக்கப் புகழாக்கிய அழகு இதில்தான் சுலபமாக வரும். இரண்டாவது, டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பேரில் வால்ஸ்டாட் முறை என்று அறியப்படுகிறது. பிளாஸ்டிக் செடி, நீலக் கிராவல், குமிழி விடும் பொம்மை என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதை விரும்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை.

செலவு பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சிலிண்டர், ரெகுலேட்டர், கரண்டில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, கேனிஸ்டர் எல்லாம் சேர்ந்தால் மண் தொட்டியைப் போல நாலைந்து மடங்கு ஆகும். எனக்கு அதற்கு மேலும் ஆனது. அழகிலும் போட்டியே கிடையாது, சிலிண்டர் தொட்டிதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ரொட்டாலா இலைகளின் நுனியில் ஆக்சிஜன் முத்து முத்தாகக் கட்டி, கோலி சோடாவை உடைத்ததுபோல வரிசையாக மேலே ஏறும். வீட்டுக்கு வந்த யாரும் மண் தொட்டியைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போதும் அந்த முத்துகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் திருநெல்வேலிப் பக்கம் இந்த விஷயத்தை முடிவு செய்வது தண்ணீர்.

சும்மா காற்றுப்பட வைத்த தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட வராது. சிலிண்டர் வைத்து அதை 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறோம். செடி அசுர வேகத்தில் வளரும். வளர்கிற செடிக்குச் சாப்பாடு வேண்டும், அதனால் தினமும் திரவ உரம். செடி தின்றதுபோக மிஞ்சிய உரம் தண்ணீரிலேயே சேரும், சேர்ந்தால் பாசி பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றி, கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் தொட்டிக்கு அது வாரம் இரண்டு குடம்.

இரண்டு குடம் என்ன பெரிதா என்று கேட்கலாம். எந்தத் தண்ணீர் என்பதில்தான் சிக்கல். குழாயில் வருவது தாமிரபரணி. கரைந்திருக்கும் உப்பை அளக்கும் என் டி.டி.எஸ். மீட்டரில் 150-ஐத் தாண்டாது. ஒரு வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோ, ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) ஒரு கல் போட்டோ குளோரினைப் போக்கிவிட்டால் செடிக்கும் மீனுக்கும் அமிர்தம். ஆனால் எங்கள் தெருவில் அது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அதில் மீட்டரை முக்கினால் 1,100. குளித்தால் சோப்பு நுரைக்காது.

அம்மா முதல் மாதமே பிடித்துவிட்டாள். "யய்யா, மனுசன் குடிக்கதுக்கே ஒருநா விட்டு ஒருநாதான் வருது. மீனுக்கு வாரத்துக்கு ரெண்டு குடமா?"

கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, போர் தண்ணி ஊத்தலாம்லா?"

"ஊத்தலாம், யாரு வேண்டாம்னா. ஆனா சாயிலு சீக்கிரம் செத்துரும் பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னது சரிதான். அக்வா சாயில் தண்ணீரின் காரத்தை உறிஞ்சி, பி.எச். என்கிற அமில-கார அளவை ஏழுக்குக் கீழே பிடித்து வைக்கும். அந்தச் சக்திக்கு ஓர் அளவு உண்டு. போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்த அளவு சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்புறம் அது விலை கூடிய வெறும் மண் உருண்டை. விரலால் அழுத்தினாலே பொடிந்து சேறாகும்.

மண் தொட்டிக்கு மாதம் ஒரு வாளி மாற்றினால் போதும். மீன் போடுகிற எச்சத்தையும் மண்ணில் மக்குகிற சத்தையும் தின்று செடி மெதுவாக வளர்கிறது. மண் மக்கும்போது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வெளியே வரும். மதியம் நாலு மணி நேரம் லைட்டை அணைத்துவிட்டால், காலையில் செடி தின்று தீர்த்தது மறுபடி சேர்ந்துகொள்ளும். வால்ஸ்டாட் இதை மதியத் தூக்கம் என்கிறார். பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தும் நாளில் இந்தத் தூக்கம் தானாகவே கிடைத்துவிடும்.

மாற்றுவது குறைவு என்றாலும், ஆவியாகிறதை ஈடுகட்ட ஊற்றித்தான் ஆக வேண்டும். இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குறைவது வாரத்துக்கு ஒரு விரற்கடைதானே என்று ஒரு கோடை முழுக்கப் போர் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 300-ல் இருந்த மீட்டர் ஆவணியில் 700 காட்டியது. இப்போது மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரை மூடி போட்ட டிரம்மில் வைத்திருக்கிறேன், தீர்ந்தால் குழாய்த் தண்ணீர். போர் தண்ணீரில் ஓடுகிற ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். போர் தண்ணீரைவிட உப்பு கூடினது அது.

இவ்வளவுதான் என்றால் இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பேன். மனசை மாற்றியது 2023 டிசம்பர் வெள்ளம். 17-ம் தேதி தொடங்கிய மழை 18-ம் தேதியும் விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக வழியில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, வாசல்படியோடு நின்றது. கரண்ட் போனது. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. குழாய்த் தண்ணீர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

கரண்ட் போனதும் சொலினாய்டு வால்வு கேஸை அடைத்துவிட்டது. அது நல்லதுதான். நான் யோசிக்காமல் விட்டது கேனிஸ்டரை. மூடிய டப்பாவுக்குள் ஓட்டமில்லாமல் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீனின் அம்மோனியாவைத் தின்று உயிர் வாழ்கிற பாக்டீரியா அங்கேயே சாகும். கரண்ட் வந்த சந்தோஷத்தில் சுவிட்சைப் போட்டேன். குழாய் வழியாகக் கறுப்பாக ஒன்று இறங்கியது. அழுகிய முட்டை நாற்றம். உடனே தண்ணீர் மாற்ற வேண்டும், குழாயில் சொட்டு இல்லை. போர் மோட்டார் ஓடியது. இரண்டு வாளி பிடித்து ஊற்றினேன்.

அதுதான் கொன்றது என்று பிறகு விளங்கிற்று. அம்மோனியா எல்லாமே ஒரே அளவு விஷமில்லை. பி.எச். ஏழில் இருக்கும்வரை பெரும்பகுதி அம்மோனியமாக, அதிகம் கடிக்காத வடிவத்தில் இருக்கும். எட்டுக்குப் போனால் விஷ வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். அழுகிய ஃபில்டர் அம்மோனியாவைத் தந்தது, போர் தண்ணீர் பி.எச்.சைத் தந்தது. மறுநாள் காலையில் பதினான்கு நியான் டெட்ராக்களில் மூன்று மிச்சம். வானத்திலிருந்து அத்தனை தண்ணீர் கொட்டிய இரண்டு நாளில் ஒரு வாளி பிடித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பக்கத்திலிருந்த மண் தொட்டிக்கு அப்போது இரண்டு மாதம்கூட நிறையவில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் நின்றுதான் போனது. ஆனால் ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் இருக்கிறது, டப்பாவுக்குள் அடைபட்டில்லை. காலையில் கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து பத்து நிமிஷம் ஊற்றினேன், கீழே போய்விட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை. நியாயமாகச் சொன்னால் அதில் ஆறே கப்பிகள், இதில் பதினான்கு டெட்ரா. கப்பி எதையும் தாங்கும் ஜாதி. ஆகவே இதைச் சமமான சோதனை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஒரு தொட்டிக்குத் தேவைப்பட்டது ஒரு மக், இன்னொன்றுக்குத் தேவைப்பட்டது ஊரில் இல்லாத இரண்டு குடம் நல்ல தண்ணீர்.

சாதாரண நாளிலும் கரண்ட் சிலிண்டர் தொட்டிக்கு எதிரிதான். என் லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது, கேஸ் வால்வின் டைமர் வெளி லைனில். அது முள் சுற்றுகிற பழைய டைமர். நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் நாலு மணி நேரம் பின்தங்கிவிடும். ஒருநாள் லைட் எட்டு மணிக்கு அணைந்தது, கேஸ் பாட்டுக்குப் பதினோரு மணி வரை ஓடியது. இருட்டில் செடி கேஸைத் தின்னாது, அதுவும் சேர்ந்து கேஸைத்தான் விடும். தற்செயலாகத் தண்ணீர் குடிக்க எழுந்து பார்த்தால், தண்ணீரில் கேஸ் குறைந்தால் நீலமும் கூடினால் மஞ்சளும் காட்டுகிற டிராப் செக்கர், பச்சையாக இருக்க வேண்டியது, எலுமிச்சை மஞ்சளாக இருக்கிறது. மீன் எல்லாம் மேலே. அன்றைக்குத் தப்பின. தொட்டியின் எல்லா பிளக்குகளும் ஒரே லைனில் இருக்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன். கோயில் கொடைக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கும்போது அந்த டைமர் நினைப்பாகவே இருக்கும்.

வெயில் இரண்டுக்கும் பகைதான். ஹீட்டர் விற்க வந்தால் வாங்காதீர்கள், நம் ஊருக்கு அது வேண்டாம். சித்திரை, வைகாசியில் என் தொட்டிகள் 32, 33 டிகிரி தொட்டன. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகக் கரையும், கேஸும் குறைவாகக் கரையும். மீன் மட்டும் வேகமாக மூச்சு வாங்கும். மேல்மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

மண் தொட்டிக்குக் குறையே இல்லையா? முதல் ஒரு மாதம் பொறுமையைச் சோதிக்கும். மண் அம்மோனியாவை விடும், தண்ணீர் கட்டஞ்சாயா நிறமாகும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். ஆக, நல்ல தண்ணீர்ச் செலவு முதல் மாதம் இதிலும் உண்டு. மண்ணில் சாணி உரமோ மண்புழு உரமோ தாராளமாகக் கலந்தால் இந்தக் கஷ்டம் நீளும். முதல் நாளே செடியை நெருக்கமாக நட வேண்டும். நட்ட செடியைப் பிடுங்கி இடம் மாற்றினால் சேறு கிளம்பும். நான் ஆசைப்பட்டு நாலு அயிரை விட்டேன். அது மணலில் புதைந்து வாழ்கிற மீன். ஒரே ராத்திரியில் கிராவலைக் கிளறி செம்மண்ணை மேலே கொண்டுவந்துவிட்டது. காலையில் தொட்டி முழுக்கப் புதுவெள்ளம் வந்த ஆற்றின் நிறம்.

செடியில் வாலிஸ்நேரியா, வேலம்பாசி, நீர்ப்பிரமி, கிரிப்டோகோரைன் இவைதான் எனக்கு நன்றாக வந்தன. முதல் இரண்டும் உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், அதனால் நம் போர் தண்ணீர் கொஞ்சம் கலந்தாலும் சுணங்குவதில்லை. கிரிப்டோகோரைன் நட்ட வாரம் இலையெல்லாம் கரைந்து செத்ததுபோல நடிக்கும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி வரும். நீர்ப்பிரமி வயல் வரப்பிலேயே கிடைக்கும். ஆனால் மருந்து அடித்த வயலா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள், ஒரு வாரம் தனி வாளியில் போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்த பிறகே தொட்டியில் நடுங்கள். வாய்க்கால் செடியோடு தட்டான் புழு வந்தால் மீன் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. வெட்டிய செடியை வாய்க்காலில் எறிவது மட்டும் கூடவே கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அமலைச் செடி (ஆகாயத்தாமரை) நம் ஆற்றில் என்ன செய்கிறது என்பதைப் பாலத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

தரையோடு கம்பளம் போலப் படர்கிற செடிகளும், நெருப்புச் சிவப்பு இலைகளும்தான் வேண்டும் என்றால் சிலிண்டர் பக்கம்தான் போக வேண்டும். மண் தொட்டியில் நான் முயன்ற சிவப்பெல்லாம் இரண்டு மாதத்தில் பச்சையாகிவிட்டது. இறால் நான் வளர்த்ததில்லை. நாலடித் தொட்டியில் மண் போட்டுப் பார்த்ததும் இல்லை, என் அனுபவம் எல்லாம் இந்த ஐம்பது லிட்டருக்குள்தான்.

விற்பனை என்று வந்தால் சிலிண்டருக்கே மதிப்பு. போட்ட காசில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. மண்ணை யார் விலைக்கு வாங்குவார்கள்? பக்கக்கன்று விட்ட வாலிஸ்நேரியாவைத்தான் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வைக்கிறவர்கள் ஐப்பசியில் தொடங்குங்கள். வெயில் தணிந்திருக்கும், முதல் மாதம் மாற்ற வேண்டிய தண்ணீரை மழையே கொடுத்துவிடும்.

என் சிலிண்டரை வாங்கியது நாகர்கோவில் கல்லூரிப் பையன் ஒருவன். வாங்கிப் போன மறு வாரமே போன் செய்தான். "அண்ணாச்சி, டிராப் செக்கர் நீலமாவே நிக்கி. கேஸ் மீட்டரும் தினம் இறங்குது." ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் குமிழி வருகிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பினான். வாஷர் தேய்ந்திருக்கிறது.