சந்தையில் விற்கும் கலப்பு நாட்டுக் கோழிக் குஞ்சுகள்: நம்பி வாங்கலாமா?

கூண்டில் 'சிறுவிடை, பெருவிடை, கருங்கோழி எல்லாம் கலந்தது' என்று சொல்லி விற்கும் ஒருநாள் குஞ்சுகள், முட்டைக்கும் கறிக்கும் பொதுவாக வளர்ப்பவர்களுக்குச் சரி. இனம் காக்க நினைப்பவர்களுக்கு வேண்டாம். சிறுவிடை என்பது சிறிய உடல் நாட்டுக்கோழி, பெருவிடை பெரிய உடல் கொண்டது, கருங்கோழி என்பது கடக்நாத் இனம்.

ரோமத்தின் நிறத்தை நம்பாதீர்கள். முதுகில் அணில் கோடு போட்ட பழுப்புக் குஞ்சு பல இனங்களில் வரும். தலையில் உள்ள பூவை (கொண்டையை) பாருங்கள். ஒற்றை வரிசையில் பல் பல்லாக இருந்தால் கத்திப்பூ. சிறுவிடையில் இதுவே அதிகம். தாழ்வாக, மூன்று வரிசை மேடாக இருந்தால் அசில் என்னும் சண்டைக்கோழி ரத்தம், அதாவது பெருவிடைப் பக்கம். தடித்த கால், நீண்ட கழுத்து, நிமிர்ந்த நிலை ஆகியவை தெளிவாகத் தெரியச் சில வாரம் ஆகும்.

அதிகம் ஏமாற்றம் தருவது கருங்கோழிதான். கருப்புக் கால் மட்டும் போதாது, கலப்பிலும் அது வரும். வாயைத் திறந்து நாக்கும் அண்ணமும் கருமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளர வளரப் பூ நன்றாகச் சிவந்தால் அது தூய கடக்நாத் அல்ல. கழுத்தில் முடி இல்லாத மொட்டைக்கழுத்து இனம் பொரித்த அன்றே தெரியும். கழுத்தின் முன்புறம் ஒரு குஞ்சம் முடி இருந்தால் அது சாதாரணக் கோழியுடன் கலந்தது.

மஞ்சள் குஞ்சுகள் மொத்தமாக இருந்தால் முட்டைப் பண்ணை கழித்த லெகார்ன் (முட்டைக்கோழி இனம்) சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம். சாயம் பூசியதை வாங்கவே வேண்டாம். இனம் எதுவானாலும் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு கட்டாயம். மாரெக்ஸ் என்னும் கோழி நோய்க்கான தடுப்பூசி போட்டதா என்றும் கேட்டு வாங்குங்கள்.