பூசிய வண்ணமா, பிடித்த வண்ணமா?

1910 வாக்கில் ஐரோப்பாவில் வண்ணப் படம் என்றால் இரண்டு முறைகளுக்குள்தான் உண்மையான போட்டி: பிரான்ஸில் பாத்தே நிறுவனத்தின் ஸ்டென்சில், இங்கிலாந்தில் கினிமாகலர். படச்சுருளை அப்படியே சாயத்தில் முக்கி எடுத்து, இரவுக்கு நீலம், நெருப்புக்குச் சிவப்பு என்று காட்டுவதும் இருந்தது. மலிவுதான், ஆனால் திரை முழுக்க ஒரே நிறம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டென்சிலுக்கு முன்னால் எல்லாம் தூரிகைதான். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேயின் படங்களுக்கு பாரிஸில் எலிசபெத் துயிலியேயின் பட்டறைப் பெண்கள் ஆளுக்கொரு நிறமாக, பிரேம் பிரேமாகப் பூசினார்கள். அடுத்த பிரதிக்கு மறுபடி முதலிலிருந்து. பாத்தே என்ன செய்தார்கள் என்றால், நிறத்துக்கு ஒரு சுருள் எடுத்து, அந்த நிறம் வர வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, அந்த ஓட்டை வழியே பிரதிகளில் சாயம் ஏற்றினார்கள். வினாடிக்கு 16 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 960, மூன்று நிறத்துக்கு 2,880 பிரேம்களில் வெட்டு வேலை. அந்தப் பொறுமையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஒருமுறை வெட்டிவிட்டால் பிரதிகள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

கினிமாகலர் வேறு ரகம். 1906-ல் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, சார்லஸ் அர்பன் ஊரறியச் செய்தது. கேமராவில் சிவப்பு, பச்சை வண்ண வடிகட்டிகள் சுழலும், கருப்பு வெள்ளைச் சுருளில் வினாடிக்கு 32 பிரேம் பதிவாகும், திரையிடும்போதும் அதே வடிகட்டிகள் சுழல நம் கண்ணே இரண்டையும் கலந்துகொள்ளும். யாரும் பூசாத, காட்சியிலிருந்தே வந்த நிறம்! ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டைக் கொண்டாடிய 1911 டெல்லி தர்பாரை இப்படி எடுத்து மறு வருடம் லண்டனில் இரண்டரை மணி நேரம் காட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால், சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்த நொடித்துளிகளில் பதிவானவை. குதிரை ஓடினால் காலின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பிசிறடிக்கும். நீலமும் சரியாக வராது. 1914-ல் மேல்முறையீட்டில் காப்புரிமையே பறிபோனதற்கு அதுவும் ஒரு காரணம். போதாததற்குத் தியேட்டர்காரர் தனி புரொஜெக்டர் வேறு வாங்க வேண்டும்.

என் ஓட்டு ஸ்டென்சிலுக்குத்தான். பூசியதுதான், ஆனால் எந்த புரொஜெக்டரில் மாட்டினாலும் நிறம் கூடவே வரும். கினிமாகலர் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெறும் கருப்பு வெள்ளைதான் தெரியும்.