பழைய கையேடு, புது மென்பொருள்: கீகேட், ஈகிள், ஈஸிஇடிஏ மூன்றில் எது குறைவாக ஏமாற்றும்?

கொழிஞ்சாம்பாறையில் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், உள்ளே பேரம் தமிழில் நடக்கும். ஒன்றைப் படித்து இன்னொன்றைப் பேசிப் பழகிய ஊர். அப்படிப்பட்ட ஊரிலேயே எங்கள் பட்டறைப் பையன் திரைக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, வீடியோல அவங்க காட்டற பட்டன் இங்க இல்லீங்க" என்றான். எட்டிப் பார்த்தேன். போனில் ஓடுவது, சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான கீகேட்டின் 5-ஆம் பதிப்பு பற்றிய மலையாள வீடியோ. கணினியில் இருப்பது கீகேட் 9.

நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் கண்ட்ரோல் போர்டு. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் நிறுத்த வேண்டும். நான்கு ரிலே, ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு சிறிய பவர் சப்ளை, அவ்வளவுதான். பல வருடம் ஈகிளில் வரைந்தோம். அதற்கு முன்னால் என் குரு ஒரு எக்ஸ்பி கணினியில் புரோட்டல் 99 எஸ்.இ. வைத்திருந்தார், அந்தக் கணினியைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார். இப்போது ஈகிளை விட வேண்டிய நிலை. மாற்று தேடி மூன்றிலும் ஒரே போர்டை வரைந்து பார்த்தோம். வசதிகளின் பட்டியல் எங்கும் கிடைக்கும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் பார்த்தது வேறு: கையேடு பழையதாகிவிட்டால் எந்த மென்பொருள் நம்மை எவ்வளவு தூரம் தவறான வழியில் கூட்டிப் போகிறது?

ஈகிளில் தொடங்குகிறேன், அது எனக்குத் தாய்வீடு மாதிரி. 1988-இல் ஜெர்மனியில் பிறந்தது, 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதைப் பற்றி இணையத்தில் குவிந்து கிடக்கும் பாடங்களுக்கு அளவே கிடையாது. அவை பழசானாலும் பெரும்பாலும் வேலை செய்யும். காரணம், மேலே உள்ள கட்டளை வரி. ஐகான் எங்கே ஓடி ஒளிந்தாலும் "ரூட்", "மூவ்", "ராட்ஸ்நெஸ்ட்" என்று டைப் செய்தால் போதும். பத்து வருடத்துக்கு முந்தைய பாடத்தில் படித்த கட்டளை, ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் மென்பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பகுதியிலும் பெரும்பாலும் அப்படியே எடுபடுகிறது. கையேடு சாகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிள் தனி மென்பொருளாக முடிந்துபோகும் என்று ஆட்டோடெஸ்க் 2023-இலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகு ஃப்யூஷன்தான். இலவசத்தில் இரண்டு லேயர், 80 சதுர செ.மீ. போர்டு, அவ்வளவே. எங்கள் ஸ்டார்ட்டர் போர்டு அந்த அளவுக்குள் அடங்காது. பாடம் சரியாக இருந்து என்ன பயன், அது கூட்டிப்போகும் ஊரில் வண்டி நிற்காது என்றால்? புதிதாகக் கற்க வரும் ஒருவரை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கீகேட் நேர்மாறானது. 1992-இல் ழான்-பியேர் ஷரா என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, 2013-இலிருந்து செர்ன் ஆய்வகமும் தோள் கொடுத்தது. முழுக்க இலவசம், போர்டு அளவுக்கும் கட்டுப்பாடு இல்லை. வளர்ந்த வேகத்தில்தான் வினை. 5-ஆம் பதிப்பு 2018-இல் வந்தது, 6 வந்தது 2021 டிசம்பரில். அதன்பின் 2023, 2024, 2025 என்று வருடா வருடம் பிப்ரவரியில் 7, 8, 9. பாடம் எடுப்பவர்கள் வீடியோவை எடிட் செய்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது.

5-க்கும் 6-க்கும் நடுவில்தான் பெரிய பள்ளம். சுற்று வரையும் பகுதிக்கு இ-ஸ்கீமா, போர்டு வரையும் பகுதிக்கு பிசிபி-நியூ என்ற பழைய பெயர்கள் முகப்பிலிருந்து போயின. கோப்புகளின் வகையும் மாறியது. 5-இல் ஸ்கீமேட்டிக்கில், அதாவது சுற்றுப் படத்தில், மவுஸை இழுத்துப் பெட்டி போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கையோடு கிளம்பிவிடும், 6-இலிருந்து அது வெறும் தேர்வு மட்டுமே. பழைய வீடியோ பார்த்தவன் "இழுத்தேன், நகரவில்லை" என்று மவுஸைக் குறை சொல்வான். எங்கள் பையனும் மவுஸை மாற்றிப் பார்த்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. பட்டன் இல்லை என்றால் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, அரைமணி நேரம் போகும், அவ்வளவுதான். இருக்கிற வசதியை இல்லை என்று நம்பவைக்கும் கையேடுதான் ஆபத்து. எங்கள் போர்டில் ஒரு பக்கம் 415 வோல்ட் லைன், மறுபக்கம் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி விடுவது எங்கள் வழக்கம். பழைய பாடம் நெட் கிளாஸில், அதாவது ஒரே வகை இணைப்புகளைச் சேர்த்த குழுவில், இடைவெளியைப் போடச் சொல்கிறது. லைன் பக்கத்துக்கு 8 மி.மீ. போட்டால் ரிலேயின் சொந்தக் கால்களே ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதாக, விதி மீறலைத் தேடும் டி.ஆர்.சி. சோதனை கத்துகிறது, ஏனென்றால் அந்தக் கால்களுக்கு நடுவில் அவ்வளவு இடமே கிடையாது. அதற்குப் பாடத்தில் சொன்ன வழி: "இந்தப் பிழைகளைக் கண்டுகொள்ளாதீர்கள்." பையன் அதைக் கற்றுக்கொண்டான். டி.ஆர்.சி.யைக் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கத்தை! லைன் வோல்டேஜ் ஓடும் போர்டில் அந்தப் பழக்கம் ஒருவன் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று தோப்புக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. 6-ஆம் பதிப்பிலிருந்து தனி விதி எழுதும் வசதி இருக்கிறது. இந்தக் கிளாஸுக்கும் அந்தக் கிளாஸுக்கும் நடுவில் மட்டும் 8 மி.மீ. என்று எழுதினால் முடிந்தது. பழைய பாடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இருக்கவும் முடியாது.

இருந்தும் கீகேட்டை நான் மன்னிப்பதற்குக் காரணம், அது தன் வயதை மறைப்பதில்லை. போர்டு கோப்பை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். 20171130 என்றால் 5-ஆம் பதிப்பு, 20211014 என்றால் 6, 20241229 என்றால் 9. தேதியை ஒட்டவைத்து எழுதியதுதான் அந்த எண். பாடத்தோடு வரும் மாதிரிக் கோப்பை இப்படித் திறந்து பார்த்தாலே அது எந்தக் காலத்துப் பாடம் என்று பிடிபட்டுவிடும். அதிகாரபூர்வக் கையேடும் பதிப்பு வாரியாகப் பிரிந்து கிடக்கிறது, தேடலில் முதலில் வருவது உங்களுடைய பதிப்புதானா என்று பார்க்க வேண்டும். குறுக்கு விசைகளுக்கு எந்தப் பாடமும் தேவையில்லை. கன்ட்ரோலோடு எஃப்1 அழுத்தினால் மென்பொருளே தன் பட்டியலைக் காட்டும், அது பழசாகவே முடியாது. வயருக்கு டபிள்யூ, போர்டில் ஓடும் செப்புத் தடமான டிராக்குக்கு எக்ஸ், லேயர்களை இணைக்கும் ஓட்டையான வயாவுக்கு வி, காப்பர் நிரப்ப பி என்ற அடிப்படை எழுத்துகள் 5-இல் இருந்தபடியே இருக்கின்றன.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கீகேட் போர்டுக்குக் கெர்பர், அதாவது போர்டு செய்பவருக்கு அனுப்பும் கோப்புகள், எடுத்தேன். நான் படித்த குறிப்பு "பிளாட்" பட்டனோடு முடிந்துவிட்டது. ஓட்டைகளைச் சொல்லும் டிரில் கோப்புக்குத் தனிப் பட்டன் என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் போர்டு செய்பவர் போன் செய்து, "ஏனுங்க, ஓட்டையெல்லாம் நீங்களே போட்டுக்குவீங்களா?" என்றார். ஈகிளில் இந்தக் கோப்புகளை எடுக்கும் கேம் ஜாப் எல்லாவற்றையும் சேர்த்துத் தந்துவிடும், அந்தப் பழக்க தோஷம்.

ஓட்டை விஷயத்தில் ஈஸிஇடிஏ உத்தமம். கெர்பர் கேட்டால் டிரில் உட்பட ஒரே ஜிப் கோப்பு. பிரவுசரில் திறக்கலாம், நிறுவும் தலைவலி கிடையாது. போர்டு செய்து தரும் ஜெ.எல்.சி. நிறுவனத்தாருடையது என்பதால் உதிரிப்பாகம், அது போர்டில் உட்காரும் தடமான ஃபுட்பிரிண்ட், ஆர்டர் மூன்றும் ஒரே இடத்தில். சி என்று தொடங்கும் பாக எண்ணைப் போட்டால் படம் வந்து விழுகிறது. முதல் போர்டு வேகமாகக் கைக்கு வர இதுதான் வழி, கல்லூரி புராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன்.

ஆனால் பிரவுசரில் இருப்பது எப்போதும் இன்றைய நாளுடையது. நேற்றைய பாடத்தோடு ஒப்பிட நேற்றைய மென்பொருளைத் திறக்க வழியில்லை. கீகேட்டில் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவி, பாடத்தை அதன் காலத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம். போதாக்குறைக்கு ஸ்டாண்டர்டு, புரோ என்று இரண்டு ஈஸிஇடிஏ. மெனு வேறு, கோப்பு வகை வேறு, பார்வைக்கு அண்ணன் தம்பி. பாதிப் பாடங்களில் எது என்று சொல்வதே இல்லை. பயனர்கள் சேர்த்த பாகங்களும் நூலகத்தில் கலந்திருப்பதால் ரிலே, டெர்மினல் பிளாக் போன்றவற்றை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, நிஜப் பாகத்தை மேலே வைத்துப் பார்த்த பிறகே நான் நம்புகிறேன். ஆல்டியம் என்ற இன்னொரு மென்பொருள் பற்றிக் கேட்காதீர்கள். கையேடு ஒழுங்காக இருக்கிறது, விலை எங்கள் பட்டறைக்கு ஒத்துவராது.

பட்டறைக்குக் கீகேட் 9 என்று முடிவாயிற்று. 10 வந்தாலும் ஓடும் வேலை முடியாமல் மாறுவதில்லை, ஏனென்றால் புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. பையன் இப்போது வீடியோவைத் தொடங்கும் முன் பதிப்பு எண்ணை ஒரு நோட்டில் எழுதுகிறான். 5 என்றால் சுற்றை மட்டும் கற்றுக்கொள்கிறான், பட்டனை மறந்துவிடுகிறான்.

ஈகிளில் பழைய வேலைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 6-க்கு முந்தைய ஈகிள் கோப்புகள் பைனரி, கீகேட் எதிர்பார்ப்பது எக்ஸ்.எம்.எல். அதனால் ஈகிள் ஓடும் கணினி ஒன்று கையில் இருக்கும்போதே அவற்றைத் திறந்து மறுபடி சேமித்து வைத்துவிடுங்கள். கீகேட்டுக்குள் கொண்டுவந்ததும் முதலில் காப்பர் பகுதிகளை பி அழுத்தி நிரப்பி, டி.ஆர்.சி. ஓட்டுங்கள். எங்கள் பழைய ஸ்டார்ட்டர் போர்டு அப்படி ஓட்டியபோது 31 பிழை காட்டியது. இருபத்தெட்டு வெறும் எழுத்துப் பிரச்சினை. மூன்று, நிஜமாகவே லைன் பக்கத்தில்.