பழைய போர், இன்றைய கேள்வி: ஒரு கடற்படை வரலாற்றுக் கட்டுரைப் போட்டி

அமெரிக்கக் கடற்படைத் தலைமைத் தளபதியின் பெயரில் 2017இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டுரைப் போட்டியை நடத்துவது, அன்னாபொலிஸில் 1873 முதல் இயங்கிவரும் அமெரிக்கக் கடற்படை நிறுவனம். அவர்களுக்குப் போட்டி நடத்திப் பழக்கம் அதிகம். 1878இல் நடத்திய முதல் கட்டுரைப் போட்டியில் கடற்படைக் கல்வியைப் பற்றி எழுதி மூன்றாம் இடம் பிடித்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மகான். கடல் வலிமை பற்றி அவர் பிறகு எழுதியதைப் பல நாட்டுக் கடற்படைகள் பாடமாகவே படித்தன.

அடிக்குறிப்பு நீங்கலாக 3,500 ஆங்கிலச் சொற்கள்தான் உச்சவரம்பு. முதல் பக்கத்தில் சொல் எண்ணிக்கை இருக்க வேண்டும். எழுதியவர் பெயர் அங்கும் கூடாது, பக்க ஓரங்களிலும் கூடாது. பெயர் பார்க்காமல் மதிப்பிடுவதுதான் இந்தப் போட்டியின் பெரிய பலம். தொழில்முறை வரலாற்றாளர்களுக்கும் வளரும் வரலாற்றாளர்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருப்பதும் நியாயமான ஏற்பாடு.

பழைய போரிலிருந்து இன்றைய கடற்படைக்கு என்ன பாடம் என்பதுதான் கேள்வி. சறுக்குவதும் இங்கேதான். பசிபிக் போர் முழுவதையும் 3,000 சொற்களில் சுருக்கிவிட்டு, கடைசிப் பத்தியில் ட்ரோனையும் சீனாவையும் ஒட்டவைத்தால் அது கட்டுரை ஆகாது. சிறிய பொருளாக எடுத்து ஆழமாகத் தோண்ட வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏவிய, நீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தகர்க்கும் மார்க் 14 டார்பிடோவை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று கோளாறுகள் ஒன்றின் பின் ஒன்றாக ஒளிந்திருந்தன. குறித்த ஆழத்தைவிட ஏறக்குறைய 10 அடி கீழே ஓடியது. அதைச் சரிசெய்ததும், கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கவேண்டிய காந்த வெடிப்பி நேரத்துக்கு முன்பே வெடிப்பது தெரிந்தது. 1943இல் அதை முடக்கியதும் மூன்றாவது கோளாறு வெளியே வந்தது: இலக்கில் நேர்குத்தாக மோதினால் வெடிஊசி சிக்கிக்கொண்டது, சாய்ந்து மோதினால்தான் வெடித்தது. 1943 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் டினோசா நீர்மூழ்கி, நகர முடியாமல் நின்ற ஜப்பானின் டோனான் மாரு 3 கப்பலை நோக்கி அடுத்தடுத்து ஏவிய டார்பிடோக்கள் வெடிக்கவே இல்லை. ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து, ஆராய்வதற்காகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். விலை சுமார் 10,000 டாலர் என்பதால், போருக்கு முன் உண்மையான வெடிமுனையோடு ஏவிப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். விலை உயர்ந்த ஏவுகணைகளைப் போதிய அளவு சோதிக்காமல் களத்துக்கு அனுப்பலாமா என்ற இன்றைய கேள்வி இங்கே தானாகவே எழுகிறது. பாடத்தைத் தனியாகத் தேடவேண்டியதில்லை.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலப் போர் நாட்குறிப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் இருக்கின்றன. கடற்படை வரலாற்று, மரபுரிமைத் துறையின், கடற்படைக் கப்பல்களின் வரலாற்றைப் பெயர்வாரியாகச் சொல்லும் கப்பல் அகராதியும் இலவசம். அகராதியில் தொடங்கித் தேதிகளை உறுதிசெய்துகொண்டு, பிறகு நாட்குறிப்புக்குப் போவது நல்ல வரிசை. இன்னொன்று: சொல் கணக்கில் வராது என்பதற்காக வாதத்தை அடிக்குறிப்புக்குள் தள்ளாதீர்கள். அங்கே இருக்கவேண்டியது சான்று மட்டுமே.

குறை ஒன்று உண்டு. பாடம் கட்டாயம் என்பதால், பாய்மரக் காலத்துக் கப்பல் கட்டும் நுட்பம்போல இன்றைக்கு நேரடிப் பயன் காட்ட முடியாத நல்ல ஆய்வுகளுக்கு இங்கே இடம் குறைவு. அப்படிப்பட்ட பொருளை வைத்திருப்பவர்கள் அதை ஆய்விதழுக்கு அனுப்பலாம். வேறெங்கும் வெளிவந்த கட்டுரை போட்டிக்கு ஆகாது என்பதால், எங்கே அனுப்புவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.