போரோபுதூரா, பிரம்பனானா? ஜோக்ஜாவில் ஒரு நாள் மட்டும் இருந்தால்

இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் ஜோக்ஜகார்த்தாவில் இறங்குகிற எல்லாருக்கும், எந்தக் கோயிலுக்குப் போவது என்ற இந்தக் கேள்வி வந்துவிடும். வடமேற்கே சுமார் 40 கி.மீ. போனால் போரோபுதூர், கிழக்கே சுமார் 17 கி.மீ. போனால் பிரம்பனான். முன்னது பௌத்தம், பின்னது சைவம். இரண்டும் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை, 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. வாடகைக் கார்க்காரர் இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறேன் என்பார். காட்டிவிடுவார்தான். வெயிலில் அலைந்து, இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வருவோம்.

பெருமையில் போரோபுதூருக்கே முதலிடம். அதில் கருவறை கிடையாது, உள்ளே நுழையவும் வழியில்லை. ஒரு குன்றையே கல்லால் போர்த்தி ஒன்பது அடுக்காக உயர்த்தியிருக்கிறார்கள். கீழே ஆறு சதுரம், மேலே மூன்று வட்டம், 504 புத்தர்கள், உச்சியில் பெரிய தூபியைச் சுற்றி 72 துளைத் தூபிகள். இதன் உயிர் அந்தச் சுவர்களில் இருக்கிறது. 2,672 சிற்பப் பலகைகள். வலம் வந்தபடி ஏற ஏற, புத்தர் வரலாறும் ஞானம் தேடிப் பலரிடம் அலையும் சுதனன் கதையும் விரிகின்றன. நடுவில் கடலில் போகும் கப்பல்களும் உண்டு. அடித்தளத்துக்குப் பின்னால் கர்ம வினையைச் சொல்லும் 160 பலகைகள் மறைந்துகிடந்தது 1885இல்தான் தெரியவந்தது. இன்று தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் சீட்டில் இருக்கிறது. சாதாரண நுழைவுச்சீட்டில் அடிவாரம் வரைதான். மேலே ஏறத் தனிச்சீட்டு, குறித்த நேரம், கூடவே வழிகாட்டி, காலுக்கு அவர்கள் தரும் பின்னல் செருப்பு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. திங்கட்கிழமை ஏறவே முடியாது. படிக்கட்டு தேய்கிறது என்பதால் வந்த ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனால் குழுவோடு நகர்ந்துகொண்டே இருக்கும்போது எத்தனை பலகையைப் படிக்க முடியும்? ஏறும் சீட்டு கிடைக்காவிட்டால், தூரத்தில் ஒரு மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பின கதைதான்.

பிரம்பனானில் இந்தக் கெடுபிடி இல்லை. நம் ஊர்க்காரருக்கு அங்கே வழிகாட்டியும் அவசியமில்லை என்பேன். நடுவில் 47 மீட்டர் உயரச் சிவன் கோயில், இருபுறமும் பிரம்மா, விஷ்ணு. சிவனுக்கு எதிரே நந்தி. கருவறையில் லிங்கம் இல்லை, மகாதேவர் நின்ற கோலத்தில் இருக்கிறார். தெற்கு அறையில் யார் தெரியுமா? அகத்தியர்! மேற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை. நம் கோயில்களில் தென்முகக் கடவுளைத் தேடும் திசையில் குறுமுனி நிற்பதைப் பார்க்கவே போகலாம். உள்ளே இருட்டு, கைபேசி விளக்கு வேண்டும்.

அந்தத் துர்க்கையை உள்ளூரில் லோரோ ஜொங்ராங் என்ற இளவரசி என்கிறார்கள். மணக்கக் கேட்டவனிடம் ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொன்னாளாம். 999 முடிந்ததும் அவள் பொய்யாக விடியலை உண்டாக்கி ஏமாற்ற, ஆயிரமாவது கோயிலின் சிலையாக நீயே நில் என்று அவன் சபித்துவிட்டான்.

சிவன் கோயிலின் சுற்றுச்சுவரில் தொடங்கும் இராமாயணம் பிரம்மா கோயிலில் முடிகிறது. கண்ணன் கதை விஷ்ணு கோயிலில். சேது கட்டும் காட்சியில் மீன்கள் கல்லை விழுங்குகின்றன. சீதையின் மோதிரத்தை இராமனிடம் கொடுப்பது இங்கே சடாயு. கம்பனைப் படித்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

குறையும் உண்டு. மொத்தம் 240 கோயில்கள் இருந்த வளாகத்தில், சுற்றியிருந்த 224 சிறுகோயில்களில் பெரும்பாலானவை இன்றும் கற்குவியல்தான். 2006 நிலநடுக்கமும் தன் பங்குக்கு ஆட்டிவிட்டது.

போக்குவரத்திலும் பிரம்பனானுக்கே சாதகம்: நகரப் பேருந்தும் போகிறது, சோலோ நகருக்குப் போகும் மின்ரயிலில் பிரம்பனான் நிலையத்தில் இறங்கியும் போகலாம். போரோபுதூருக்குக் கார் பேசுவதே நிம்மதி.

ஏறும் சீட்டு கையில் இருந்தால், யோசிக்காமல் போரோபுதூருக்கே போங்கள். வழியில் மெண்டுட் கோயிலில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்த 3 மீட்டர் புத்தரையும் பார்த்துவிடலாம். சீட்டு இல்லையென்றால் பிரம்பனான், அதுவும் பிற்பகலில். பெரும்பாலோர் சிவனைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வடக்கே சிறிது தூரம் நடந்தால் செவு என்ற பௌத்தக் கோயில் கூட்டமில்லாமல் கிடைக்கும். மே முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் திறந்தவெளி அரங்கில் இரவு நடக்கும் இராமாயண நாட்டியத்துக்கும் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுங்கள்; மழைக்காலத்தில் அதை உள்ளரங்குக்கு மாற்றிவிடுவார்கள்.