சென்னை மேடவாக்கம் பக்கத்து மாவுக்கடை: இட்லிக்கு முழு மார்க், பாக்கெட்டுக்குப் பாதி

முதலில் மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் மாவை அம்போவென்று விட்டுவிட்டு ஓனரின் கதைக்குத் தாவிவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

மாவு நன்றாக இருக்கிறது. காலையில் ஊற்றிய இட்லியை டப்பாவில் கட்டிக்கொண்டு போய் மதியம் திறந்தாலும் விறைத்துப் போகாமல் இருக்கிறது. மறுநாள் அதே மாவில் தோசை ஊற்றினால் ஓரம் சிவந்து மொறுமொறுவென்று வருகிறது. சோடா போடுவதில்லை. போட்டால் தெரிந்துவிடும்: இட்லியில் அங்கங்கே மஞ்சள் தட்டும், சாப்பிட்ட பிறகு தண்ணீர் தண்ணீராகக் குடிக்கத் தோன்றும். நாலுக்கு ஒன்று கணக்கில் இட்லி அரிசியும் முழு வெள்ளை உளுந்தும், கொஞ்சம் வெந்தயம், கல் உப்பு, அவ்வளவுதான். எங்கள் பக்கம் சில கடைகளில் கலப்பது போல பழைய சோறு, மைதா எதுவும் கிடையாது.

கடை என்று பெரிதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு ஷட்டர், உள்ளே இரண்டு டில்டிங் கிரைண்டர், எவர்சில்வர் அண்டாக்கள், ஒரு ஃப்ரிட்ஜ், சுவரில் பதினான்கு இலக்க எண்ணோடு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ். பலகையில் 'இட்லி தோசை மாவு கிடைக்கும்' என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. மதியம் மூன்று மணிவாக்கில் போனால் உளுந்து அரைபடுவதைப் பார்க்கலாம். உளுந்தைத் தனியாகத்தான் போடுகிறார். குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து, பொங்கப் பொங்க அரைக்கிறார். அப்புறம் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி ஒரு டபரா தண்ணீரில் போடுகிறார். மிதந்தால் எடுத்துவிடலாம், முங்கினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். டைமர் எல்லாம் இல்லை. கல் சூடேறினால் மாவும் சூடாகும், மாவு சூடானால் சரியாகப் பொங்காது, அதற்குத்தான் அந்தக் குளிர்ந்த தண்ணீர். உளுந்திலேயே ஒட்டிக்கொண்டு வரும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் மாவைப் பொங்க வைக்கிறது, நாம் அதன் குறுக்கே போகாமல் இருந்தால் போதும் என்று ஒருமுறை விளக்கினார். படித்தவர் என்பது இந்த மாதிரி இடத்தில்தான் லேசாக வெளியே தெரியும்.

சரி, ஓனர் கதைக்கே வருகிறேன். சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருந்தவர். அமெரிக்க வங்கி ஒன்றின் மென்பொருளை இங்கிருந்து கவனித்துக்கொள்ளும் வேலை. அங்கே ஏதாவது நின்றுபோனால் இங்கே நள்ளிரவில் போன் அடிக்கும். அவரை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, சொல்லப்போனால் மேலே ஏற்றுவதாகச் சொன்னபோதுதான் விட்டார். நாற்பதைத் தொட்டவர், இரண்டு பிள்ளைகள். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.), மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் தினமும் ஊர்ந்து போய் வருகிறவர்களுக்கு இந்தக் கதை எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாவு வாங்க வருகிற பாதிப் பேர் கழுத்தில் டேக்கோடு வருகிறார்கள், மாவை வாங்கிய பிறகும் கிரைண்டரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் பொதுவாக ஒரு ஒவ்வாமை உண்டு. 'லட்ச ரூபாய் சம்பளத்தை உதறிவிட்டு மாவுக்கடையில் கோடி சம்பாதிக்கும் இளைஞர்' என்று யூடியூபில் மஞ்சள் எழுத்தில் போடுவார்களே, அது. வேலையை விட்டதாகத்தான் ஆரம்பிப்பார்கள், பத்தாவது நிமிடத்தில் அடுத்த கிளை எங்கே, மாதம் எவ்வளவு என்று வந்து நிற்கும். ஓடுகிற ரோட்டை மாற்றிக்கொண்டார்களே தவிர ஓட்டத்தை நிறுத்தவில்லை. இவர் அப்படி இல்லை. வீடியோ எடுக்க வந்தவர்களை மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மாமி கேட்டுவிட்டார், "ஏம்ப்பா, இவ்வளவு படிச்சுட்டு மாவு விக்கறியே, உங்க அம்மா அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க மாமி, இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. இங்க மாவு புளிச்சுப் போனா ஏன் புளிச்சதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்குச் சரி பண்ணிடுவேன். அங்க நான் பண்ணின வேலை கடைசியில என்ன ஆச்சுன்னே தெரியாது."

மாமிக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, அரை கிலோ தளும்ப இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என்னவோ அந்தப் பதில் சரியாகவே பட்டது. பெரிய வேலை என்று நாம் சொல்கிறவற்றில் பாதி, தலைக்குள்ளேயே நடந்து தலைக்குள்ளேயே முடியாமல் கிடக்கிறவை. மீட்டிங்கில் பாராட்டினார்கள் என்பதைத் தவிர அது நன்றாக வந்ததா இல்லையா என்று அறிய வேறு வழியில்லை. ராத்திரி படுத்தால் கூடவே வந்து படுத்துக்கொள்ளும். இங்கே அண்டா காலியானால் வேலை முடிந்தது, ஷட்டரை இறக்கினால் மாவைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

மூளைக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் கிளை நூலக முத்திரை குத்திய ஏதாவது ஒரு தடிப் புத்தகம் கிடக்கும். இவரைப் பார்த்தால் எனக்கு ஸ்பினோசா ஞாபகம் வரும். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் இருந்த ஒரு தத்துவ ஆசாமி, லென்ஸ் தேய்த்துப் பிழைத்தவர். 1673-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டார்கள். சிந்திக்கிற சுதந்திரம் போய்விடும், இருக்கிற அமைதியும் போய்விடும் என்று மரியாதையாக மறுத்துவிட்டார். வேலை கையோடு நின்றால் தலை நம்முடையதாக இருக்கும் என்ற கணக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் அவர் 44 வயதில் நுரையீரல் கோளாறில் போய்ச் சேர்ந்தார், கண்ணாடித் தூசும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பார்கள். கைவேலைக்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது.

இவருக்கு அந்த விலை வலது தோள்பட்டை. டில்டிங் கிரைண்டர் சாயும், சரி, ஆனால் கல்லை ஒட்டிய மாவை வழிப்பது கைதான், அண்டாவைத் தூக்குவதும் கைதான். மழைக்காலத்தில் கரண்ட் போனால் பாதி அரைபட்ட உளுந்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு பொங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், கத்திரி வெயிலில் ஆறு மணி நேரத்தில் வழிந்து ஓடும். இதையெல்லாம் 'எளிய வேலை' என்று நான் எழுதினால் அவர் சிரிப்பார்.

வாடிக்கையாளர்களில் அறிவுரை சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் சொல்லி வைத்தாற்போல, பாக்கெட் மாவு விற்கும் ஐடி ஃப்ரெஷ் கம்பெனியை உதாரணமாக எடுத்து வைப்பார்கள்: அதை ஆரம்பித்த முஸ்தஃபாவும் உங்களை மாதிரி கம்ப்யூட்டர் என்ஜினியர்தானே, 2005-இல் பெங்களூரில் சின்ன இடத்தில் மாவு அரைத்துத்தானே ஆரம்பித்தார், நீங்களும் பண்ணலாமே? அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இவருக்கு அது வேண்டாம். பத்துக் கடை வைத்தால் மறுபடியும் எக்ஸெல் ஷீட், மறுபடியும் ரிவ்யூ மீட்டிங், அதற்கு அங்கேயே இருந்திருக்கலாமே என்கிறார். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோதும், அதற்கப்புறம் எல் அண்டு டி தலைவர் 90 என்று ஏலத்தை ஏற்றியபோதும் கடையில் நல்ல சிரிப்பு. "நான் 70 மணி நேரம் அரைச்சா இந்தத் தெருவே புளிச்சுப் போயிடும் சார்" என்றார்.

இப்போது கொஞ்சம் கசப்பும் சொல்ல வேண்டும். இவரால் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவரே மறைப்பதில்லை. ஃப்ளாட் கடன் முடிந்திருந்தது. மனைவிக்கு ஆசிரியர் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். வங்கியில் கொஞ்சம் பணம். கடையில் கிரைண்டர் கழுவி, அரிசி களைந்து கொடுக்கும் அக்காவுக்கு இது எதுவும் இல்லை. நாள் முழுக்க ஈரத்தில் நின்று அவர் கால் விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. இந்த வேலை நிம்மதியாக இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "வேலை நேரத்துக்கு முடியுதுங்க, அண்ணன் சம்பளத்தைக் கரெக்டா குடுத்துடுவாரு. ஆனா என் பொண்ணு இதுக்கு வரக் கூடாது" என்றார். பெண் பி.சி.ஏ. இறுதியாண்டு. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது யார் தெரியுமா? நம்ம ஓனர்தான். சனிக்கிழமை மத்தியானம் அரிசி மூட்டைக்கு மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் நடத்துகிறார். அவள் ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் சேர வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. பத்து வருஷம் சம்பாதித்துவிட்டு வேண்டுமானால் விடட்டும் என்கிறார். வேலையை விட்டவர்கள் வழக்கமாகச் செய்யும் உபதேசம் அவரிடம் இல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

குறைகள். பாக்கெட் மோசம். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுத் தருகிறார், வெயிலில் வண்டியில் மாட்டிக்கொண்டு போனால் வீடு சேர்வதற்குள் உப்பிக்கொண்டு ஒழுகிவிடும். தூக்கு கொண்டுபோனால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கிறார், அதைச் செய்யுங்கள். டெலிவரி ஆப் எதிலும் கிடையாது, போனில் எடுத்து வைக்கச் சொன்னாலும் மாட்டார். வண்டி நிறுத்த இடமில்லை. ராகி மாவு, சிறுதானிய மாவு என்று கேட்டால் இல்லை என்பார், கேட்டுக்கொண்டே இருந்தாலும் இல்லைதான். ஞாயிறு சாயங்காலம் கடை கிடையாது. மறுநாள் திங்கட்கிழமை காலை என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள், ஆனால் அந்த நேரம் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவதாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது.

விலை கிலோ ஐம்பது, அரை கிலோ முப்பது. கம்பெனி பாக்கெட்டைவிடக் குறைவு, தெருமுனைக் கடைகளைவிட ஐந்து பத்து அதிகம். ஜிபே உண்டு. குளிர்காலத்தில் 'நேற்று அரைத்தது', 'இன்று அரைத்தது' என்று இரண்டு அண்டா வைத்திருப்பார். அன்றைக்கே இட்லி வேண்டும் என்றால் நேற்றையதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் போனால் அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கும்.